கையெழுத்துப் போட ஒரு ஆள்

பதினோராவது டொக்டரும் மிக அன்பாகத்தான் மறுத்தார். “உங்கள் பயிற்சியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன் மதாம், மிகவும் அவசியமான வேலை” என்று அவர் தொடங்கியபோதே அஞ்சலீனாவுக்கு முடிவு தெரிந்துவிட்டது. பாராட்டில் தொடங்கிய எவரும் இதுவரை சம்மதித்ததில்லை. தன்னிடமே தாங்க முடியாத அளவு நோயாளிகள் இருக்கிறார்கள் என்றார். காப்புறுதிக்காரர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது என்றார். அடுத்த வருடம் என்றால் யோசிக்கலாம் என்றார். அஞ்சலீனா ‘மெர்சி’ என்று நன்றி சொல்லி ரிசீவரை வைத்துவிட்டு, பட்டியலில் அவர் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தாள். கோடு படாத பெயர்கள் இன்னும் நாலு இருந்தன. ஜன்னலுக்கு வெளியே, வாகனத் தரிப்பிடத்தின் மூலையில், குளிர்காலம் முழுக்கத் தள்ளிக் குவித்த பனி மணலும் உப்பும் ஏறிக் கறுத்துப்போய், ஏப்ரல் முடியப்போகிறது என்பதைக் கேள்விப்படாததுபோல் கிடந்தது.

மேசையின் மறுபக்கத்தில் மிசெலின் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். சிகரெட்டை விட்டு ஆறு மாதமாகிறது. ஆறு மாதமாக அந்த அறையில் கடிபடாத பென்சில் கிடையாது. அவள் எதுவும் கேட்கவில்லை. கோடு இழுபட்ட சத்தமே அவளுக்குப் போதுமாக இருந்தது.

செயின்ட்-மிஷேலில் ஒரு சமூக நிலையத்தின் இரண்டாம் மாடியில் இருவரும் நடத்திய அந்தப் பயிற்சி நகரத்துக்குப் புதிது. நோயாளியைச் சோதித்து, நோயை அறிந்து, மருந்தும் எழுதக்கூடிய அளவுக்கு மேற்படிப்பு முடித்த தாதிகளை நேர்ஸ் பிராக்டிஷனர் என்பார்கள். கியூபெக்கில் அப்போதுதான் அவர்கள் ஒருவர் இருவராகப் படித்து வெளியே வரத் தொடங்கியிருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் போய்ச் சேராமல், குடும்ப டொக்டர் கிடைக்காத சனங்கள் இருக்கும் தெருக்களில் தாங்களே சிறு கிளினிக் திறக்க விரும்புகிறவர்களுக்கு, பன்னிரண்டு சனிக்கிழமைகளில் அஞ்சலீனாவும் மிசெலினும் வழி சொல்லிக் கொடுத்தார்கள். எங்கே இடம் பிடிப்பது, குத்தகைப் பத்திரத்தில் எந்த வரியைக் கவனிப்பது, பக்கத்து மருந்துக்கடைக்காரரோடு எப்படிப் பேசுவது, கதவில் என்ன எழுதுவது என்று எல்லாம். மிசெலின் முப்பது வருடம் வார்டுத் தலைவியாக இருந்தவள். அஞ்சலீனா மன்னாரில் தாதியாக இருந்து, அகதியாக வந்து, பிரெஞ்சு படித்து, பரீட்சைகளை மறுபடி எழுதி, பிறகு வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டும் ஒரு சிறு சேவையைப் பத்து வருடம் தனியாக நடத்தியவள். இருவரில் ஒருவருக்கும் மருந்து எழுதும் அனுமதி கிடையாது. அது தங்களுக்குப் பிந்தி வந்த பிள்ளைகளுக்குக் கிடைத்த பேறு என்று இருவருமே நினைத்தார்கள்.

அந்தப் பேற்றுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. எந்த நேர்ஸ் பிராக்டிஷனரும் ஒரு டொக்டரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அவருடைய கையெழுத்தின் கீழ்தான் மருந்து எழுதலாம். முதலாவது வகுப்பில் இருந்த கஜந்தினிக்கு அந்தக் கையெழுத்தைத் தேடிக் கொடுத்தவள் அஞ்சலீனாதான். டொக்டர் லபெல் அறுபத்தெட்டு வயது மனிதர். வாரத்தில் ஒரு தடவை வந்து கோப்புகளைப் பார்ப்பார், கஜந்தினி தரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “நீ என்னைவிட நன்றாகக் கேட்கிறாய்” என்று சொல்லிப் போவார். மார்ச் மாதம் இரண்டாம் வாரத்தில் அவர் குளியலறையில் விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு. வலது கை வரவில்லை, பேச்சும் வரவில்லை. பத்து நாளில் கஜந்தினிக்குத் தாதியர் சபையிலிருந்து கடிதம் வந்தது. வேறு டொக்டர் ஒப்பந்தம் செய்யும்வரை சாதாரணத் தாதி செய்யும் வேலைகளை மட்டும் செய்யலாம். மருந்து எழுதக் கூடாது, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பக் கூடாது. முந்நூற்று நாற்பது பேர் அந்தக் கிளினிக்கை நம்பியிருந்தார்கள். தமிழர், ஹெயிட்டிக்காரர், இரண்டு தெரு தள்ளியிருந்த வயதான இத்தாலியர்கள். இன்னொரு கையெழுத்தைத் தேடித்தான் அஞ்சலீனா அந்தப் பதினைந்து பெயர்களைப் பட்டியலிட்டாள்.

அஞ்சலீனாவைத் தின்றது கடிதமல்ல, ஒரு பழைய பதில். ஒன்பதாவது சனிக்கிழமை, கோப்பி இடைவேளையில், கஜந்தினி தனியாக வந்து தமிழில் கேட்டிருந்தாள்: “அக்கா, கையெழுத்து வைச்ச டொக்டர் இடையிலை இல்லாமல் போனால் என்ன செய்யிறது?” மற்றவர்கள் மேசை வாங்குவதையும் பெயர்ப்பலகையையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் ஒருத்திதான் அதைக் கேட்டவள். அஞ்சலீனா சிரித்தபடி அவள் தோளில் தட்டினாள். “அதுக்குத்தானே நாங்கள் ரெண்டு பேர் இருக்கிறம். நீர் கதவைத் திறவும். மிச்சத்தை நாங்கள் பாப்பம்.” சொன்னபோது அது பொய்யாகத் தோன்றவில்லை. யோசித்துப் பார்த்தால், அது உண்மையா பொய்யா என்று அவள் எண்ணிப் பார்க்கவேயில்லை.

கஜந்தினி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாள். “அக்கா, ஒருக்கா கிளினிக்குக்கு வருவீங்களோ? இப்பவே.” குரலில் அழுகை இல்லை. அதனாலேயே அஞ்சலீனா கோட்டைக்கூட ஒழுங்காகப் போடாமல் இறங்கி நடந்தாள்.

உள்ளே, சோதிக்கும் கட்டிலில், அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் இடது காலை நீட்டியபடி இருந்தாள். சிவநேசம் என்று கஜந்தினி அறிமுகப்படுத்தினாள். கணவர் இல்லை, மகள் ரொறன்ரோவில். செயின்ட்-லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை. பதினேழு வருடமாக நீரிழிவு, சீனி வருத்தம். காலில் உணர்ச்சி குறைவு. வன்னியில் சண்டை இறுகிய நாளிலிருந்து டவுன்டவுனில் நடந்த ஆர்ப்பாட்டம் எல்லாவற்றுக்கும் போயிருக்கிறாள். ஒரு நாள் உறைமழைக்குள் ஐந்து மணித்தியாலம் நின்றபோது சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது, சின்னவிரலை உரசிப் புண்ணாக்கியிருக்கிறது. அவளுக்கு அது தெரியவில்லை. சப்பாத்துக்குள் போட்டிருந்த மேசின் துணி நிறம் மாறியபோதுதான் பார்த்திருக்கிறாள்.

அஞ்சலீனா கையுறை போட்டுக்கொண்டு குனிந்தாள். இருபத்தெட்டு வருடமாகப் பார்த்த புண்கள். அவளுக்கு மணமே போதும். பாதத்தின் மேல் நீலப் பேனையால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு வரையப்பட்டிருந்தது. கஜந்தினி வெள்ளிக்கிழமை வரைந்த கோடு. சிவப்பு அதைத் தாண்டி இரண்டு விரல் அகலம் மேலே ஏறியிருந்தது.

“வெள்ளிக்கிழமையே மருந்து தொடங்கியிருக்க வேணும், அக்கா” என்றாள் கஜந்தினி. “என்ன மருந்து, எத்தினை மில்லிகிராம், எத்தினை நாள் எல்லாம் எனக்குத் தெரியும். கடிதம் எழுதிக் குடுத்து, பதிவில்லாமல் பாக்கிற கிளினிக்குக்கு அனுப்பினனான். சனிக்கிழமை விடிய ஆறரைக்குப் போய் நிண்டிருக்கிறா. முன்னுக்கு நிண்ட ஆக்களோடை நம்பர் முடிஞ்சுது. எமேர்ஜென்சிக்குப் போங்கோ எண்டால் மாட்டன் எண்டிறா.”

“போகேலாது பிள்ளை” என்றாள் சிவநேசம். காலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே அவளுக்குச் சற்றுத் தொந்தரவாக இருந்ததுபோல் தெரிந்தது. “எமேர்ஜென்சியிலை ஒரு நாள் முழுக்க இருத்தி வைப்பாங்கள். தம்பி கோல் எடுப்பான். இருபத்தொரு நாளாச்சு. நான் வேலைக்கும் போகேல்லை. அவனிட்டை என்ரை வீட்டு நம்பர் மட்டும்தான் இருக்கு. இஞ்சை வந்ததே பயந்து பயந்துதான்.”

தம்பியின் பெயர் அருமைராசா. மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரைப் பக்கம் ஒடுங்கியிருந்தான். யாரோ ஒருவருடைய செய்மதித் தொலைபேசியில் வரிசையில் நின்று இரண்டு நிமிடம் பேசுவான். கடைசியாகப் பேசியது இருபத்தொரு நாளுக்கு முன்.

கஜந்தினி அஞ்சலீனாவைக் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்திவிட்டு மேசை லாச்சியைத் திறந்தாள். மருந்து எழுதும் தாள்கட்டு. மேலே அவள் பெயரும், கீழே டொக்டர் லபெலின் பெயரும் அச்சிட்டிருந்தது.

“டொக்டர் விழ முன்னம், மார்ச் ஆறாம் திகதி எண்டு போட்டு எழுதட்டோ, அக்கா? மருந்துக்கடை பக்கத்திலை. அரை மணித்தியாலத்திலை முதல் குளிசை வயித்துக்குள்ளை போயிடும்.”

அஞ்சலீனா அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதைக் கண்டுபிடித்தால் கஜந்தினியின் அனுமதிப்பத்திரம் போகும். அவளுடைய எட்டு வருடப் படிப்பு, இந்த அறை, கடன், எல்லாம் போகும். கண்டுபிடிக்காவிட்டால் ஒரு கால் தப்பக்கூடும். ஆனால் இரண்டு விரல் அகலம் ஏறிவிட்ட சிவப்புக்குக் குளிசை இனிப் போதாது, நாளத்தால் ஏற்ற வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அது கஜந்தினிக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறாள். ஏதாவது ஒன்றைத் தன் கையால் செய்ய வேண்டும்போல அவளுக்கு இருக்கிறது.

“வேண்டாம் பிள்ளை” என்றாள். எப்போதும் ‘நீர்’ என்று மரியாதை வைத்துப் பேசுகிறவள், தன்னை அறியாமல் ‘பிள்ளை’ என்றாள். “நான் அவவின்ரை வீட்டிலை போய் ரெலிபோனுக்குப் பக்கத்திலை இருக்கிறன். நீ அவவைக் கூட்டிக்கொண்டு போ.”

சிவநேசம் உடனே சம்மதிக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் முகத்தைக் கொஞ்ச நேரம் படித்தாள். “நீங்கள் எவ்விடம்?” என்று கேட்டாள். மன்னார் என்றதும், “அங்காலைப் பக்கத்து ஆக்களுக்கு இது விளங்கும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த வீட்டுத் திறப்பைக் கழற்றிக் கொடுத்தாள். வாகனத்தில் ஏறும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தாள்: “முதல் அடியிலையே எடுங்கோ. ஹலோ எண்டு சொல்லிப்போட்டுப் பொறுங்கோ. குரல் அங்கை போய்த் திரும்பி வர நேரம் எடுக்கும். இடையிலை கதைச்சால் ரெண்டு பேற்றை குரலும் முட்டி ஒண்டும் விளங்காது. நான் வந்திடுவன் எண்டு சொல்லுங்கோ. பேந்து எடுக்கச் சொல்லுங்கோ.”

வெளிப்படியேறிப் போகும் இரண்டாம் மாடி வீடு அது. தொலைபேசி ஒரு ஸ்டூலின் மேல் இருந்தது. அதன் அருகே தரையில் ஒரு மெத்தை, போர்வை, பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல். கட்டிலில் படுத்துப் பல நாளாகியிருக்கும் என்று அஞ்சலீனா நினைத்தாள். ரீவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, சிவநேசம் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாள். காட்டப்படும் முகங்களில் ஒருவரைத் தேடுகிறவளுக்கு வாசிப்பவரின் குரல் எதற்கு? அஞ்சலீனா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து, தன் செல்போனில் பன்னிரண்டாவது டொக்டரின் எண்ணை அழுத்தினாள். விடுமுறையில் இருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. பதின்மூன்றாவது டொக்டரின் செயலாளர் அவள் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னாள், இரண்டு தடவை. பிறகு, “எதற்காக, மதாம்?” என்றாள்.

அஞ்சலீனா விளக்கிக்கொண்டிருந்தபோது ஸ்டூலின் மேல் மணி அடித்தது.

செல்போனை மடியில் போட்டுவிட்டு முதல் அடியிலேயே எடுத்தாள். “ஹலோ” என்றாள். பொறுத்தாள். மணலை வாரி இறைப்பதுபோல ஒரு இரைச்சல். அதற்கு அப்பாலிருந்து, மிகவும் மெதுவாக, ஒரு ஆண்குரல்: “அக்கா?”

“நான் அக்கா இல்லை தம்பி. அவவுக்குத் தெரிஞ்ச ஆள். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போட்டா, இப்ப வந்திடுவா—”

தன் குரலே திரும்பி வந்து காதில் விழுந்தது. அது ஓய்ந்த பிறகு அவன் கேட்டான்: “அக்காவுக்கு என்ன வருத்தம்?”

அவனுக்குப் பின்னால் ஏதோ அதிர்ந்தது. யாரோ ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்த இடத்தில் நின்றுகொண்டு அவன் என்ன வருத்தம் என்று கேட்கிறான்.

“காலிலை ஒரு சின்னப் புண், தம்பி. பயமில்லை. நீங்கள் எல்லாரும் எப்பிடி—”

“சீனியாலையோ?” என்றான். அவள் கேட்டது அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. “கவனமா இருக்கச் சொல்லுங்கோ. சப்பாத்துப் போடாமல் திரிய விட வேண்டாம். நாங்கள்…”

அதோடு சரி. இரைச்சலும் நின்றது. அஞ்சலீனா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், “ஹலோ, ஹலோ” என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். பிறகு, மறுபடி எடுக்க முயல்கிறானோ என்ற பயத்தில் அவசரமாக வைத்தாள். மடியில் கிடந்த செல்போனுக்குள் செயலாளர், “மதாம்? மதாம்?” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டு வரச்சொன்ன தன் தங்கை மாலை ஆறு மணிக்கு வந்து சேரும்வரை அஞ்சலீனா அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. தண்ணீர் குடிக்கக் குசினிக்குக்கூடப் போகவில்லை. மணி மறுபடி அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சிவநேசத்தைக் கட்டிலில் சேர்த்திருந்தார்கள். மருந்து நாளத்தால் ஏறிக்கொண்டிருந்தது. கஜந்தினி வார்டுக்கு வெளியே நடைவழியில் சுவரில் சாய்ந்தபடி நின்றாள். “இளம் டொக்டர் ஒருத்தர் வந்து பாத்தவர், அக்கா. இந்தக் கோட்டை ஆர் கீறினது, நல்ல வேலை எண்டார். நான்தான் எண்டன். அப்ப வெள்ளிக்கிழமையே ஏன் மருந்து தொடங்கேல்லை எண்டு கேட்டார்.” கோட்டின் பொத்தானைப் பூட்டினாள். “கோபமாக் கேக்கேல்லை. தெரியாமல்தான் கேட்டவர்.”

கோல் வந்ததை அஞ்சலீனா அவளிடம் சொன்னாள். கஜந்தினி கைகளால் முகத்தைப் பொத்தினாள். “இப்ப சொல்லாதேங்கோ. வியாழக்கிழமை கால்விரல் ரெண்டை வெட்டி எடுக்கப் போகினம். அது முடியட்டும்.” உள்ளே போனபோது சிவநேசம் கேள்வியாகப் பார்த்தாள். “என்ரை தங்கச்சி இப்ப அங்கை இருக்கிறா” என்று அஞ்சலீனா சொன்னாள். அது உண்மைதான், தங்கையிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மற்றதை அவள் பொய்யாகச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டாள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை வகுப்பில் பதினேழு பேர் இருந்தார்கள். அன்றைக்குப் பாடம், டொக்டரோடு ஒப்பந்தம் செய்வது எப்படி என்பது. மிசெலின் அச்சடித்து வைத்த கையேட்டின் அட்டையில், தன் கிளினிக் வாசலில் வெள்ளைக் கோட்டோடு சிரிக்கும் கஜந்தினியின் படம் இருந்தது. அஞ்சலீனா அதை விரிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் விழுந்ததை, பதினைந்து பேரைக் கேட்டும் ஒருவரும் சம்மதிக்காததை, நீலக் கோட்டை, விரல்களை. தொலைபேசியை மட்டும் சொல்லவில்லை. அது பாடத்துக்குள் வராது. வகுப்பில் பேனைகள் ஓடுவது நின்றது. ஒரு அல்ஜீரியப் பெண் கையுயர்த்தி, “அப்படியென்றால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டாள். அஞ்சலீனா மிசெலினைப் பார்த்தாள். “எனக்குத் தெரியாது” என்றாள் அஞ்சலீனா.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதின்மூன்று பேர்தான் திரும்பி வந்தார்கள்.

எல்லோரும் போனபின் கதிரைகளை அடுக்கிக்கொண்டே மிசெலின் சொன்னாள்: “நீ பொய் சொல்லவில்லை, தெரியும். ஆனால் எல்லோரும் பயந்து ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனால், இந்தத் தெருக்களுக்கு யார் வருவார்கள்? சட்டம் என்றைக்காவது மாறும்போது கதவைத் திறந்து வைத்திருக்க ஒருத்தியாவது வேண்டாமா?” அவள் சொன்னதில் தவறில்லை. “அதுவரைக்கும்?” என்று அஞ்சலீனா கேட்டாள். மிசெலின் இன்னொரு கதிரையை எடுத்து மற்றதின் மேல் வைத்தாள். கஜந்தினி அன்று காலை, மே மாத முடிவோடு கிளினிக்கை மூடுவதாகவும் பழைய வார்டில் வேலை கேட்டிருப்பதாகவும் செய்தி அனுப்பியிருந்தாள். அதில் ஒரு குற்றச்சாட்டாவது இருக்குமா என்று அஞ்சலீனா மூன்று தடவை வாசித்துப் பார்த்தாள். நன்றி அக்கா என்றுதான் முடிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். சிவநேசத்தின் கால் தலையணையின் மேல் வெள்ளைக் கட்டோடு உயர்ந்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு ஹெயிட்டிப் பெண் ரீவியில் பாட்டுப் பூசை பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சலீனா வரும்போதே சொல்லத் தீர்மானித்திருந்தாள். இருந்தும், கொண்டுவந்த கஞ்சியைக் கோப்பையில் ஊற்றி, கரண்டி வைத்து, சால்வையை மடித்து, செய்ய இனி எதுவும் இல்லை என்றான பிறகுதான் அவளால் உட்கார முடிந்தது.

“அக்கா, செவ்வாய்க்கிழமை உங்கடை தம்பி எடுத்தவர்.”

சிவநேசம் எழும்பி இருக்க முயன்றாள். “வந்ததோ? கோல் வந்ததோ?”

“ஓம். அரை நிமிசம் இருக்காது. உங்களுக்கு என்ன வருத்தம் எண்டு கேட்டவர். சப்பாத்துப் போடாமல் திரிய விட வேண்டாம் எண்டவர். பிறகு அறுந்து போச்சு. உடனை சொல்லாதது என்ரை பிழை. உங்களை அனுப்பினதும் நான்தான்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நல்லது என்றும் இருந்தது. சிவநேசம் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “என்னண்டு கூப்பிட்டவன்?” என்று கேட்டாள்.

“அக்கா எண்டு.”

“அதில்லை. எப்பிடிக் கூப்பிட்டவன்? அவன் கூப்பிட்ட மாதிரிச் சொல்லுங்கோ.”

அஞ்சலீனா தயங்கினாள். பிறகு, “அக்கா” என்றாள்.

சிவநேசம் கண்ணை மூடித் தலையை ஆட்டினாள். “அப்பிடியில்லை. அவன் பசியோடை இருந்தால் கடைசி எழுத்தை விழுங்கிப்போடுவான். நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்கோ.”

அஞ்சலீனாவும் கண்ணை மூடினாள். இரைச்சலையும் அதிர்வையும் யாரோ கூப்பிட்ட அந்தப் பிள்ளையின் பெயரையும் ஒவ்வொன்றாக விலக்கி, அதன் நடுவில் இருந்ததைத் தேடினாள். “அக்கா…” என்றாள், இன்னும் மெதுவாக.

“இன்னொருக்கா” என்றாள் சிவநேசம்.

பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் அவள் கையை நீட்டி ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, இந்தப் பக்கம் திரும்பிப் படுத்து, அஞ்சலீனாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.